தோண்டுவதற்கு முன் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சுரங்கத்திலிருந்து அமிலம் வடிகிறது என்கிறார்களே, அந்த அமிலத்தை யார் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, சின்னாளபட்டி

யாரும் ஊற்றுவதில்லை அம்மா. பூமி தயாரிக்கிறது, மனிதன் திறந்துவிடுகிறான்.

பைரைட் என்று ஒரு கனிமம். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மஞ்சளாக மினுங்குவதால் தங்கம் என்று ஏமாந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. பூமிக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. நிலக்கரிக்காகவோ செம்புக்காகவோ தோண்டி, உடைத்து, வேண்டாத கல்லை மேடாகக் குவித்த பிறகுதான் ஆபத்து. காற்றிலுள்ள ஆக்சிஜனும் மழைநீரும் சேர்ந்து பைரைட்டைக் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாற்றிவிடும். அந்த அமிலம் போகிற வழியில் உள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம், ஆர்சனிக் என்று எது கிடைத்தாலும் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடைக்கு வரும். ஓடையில் நல்ல தண்ணீர் கலந்ததும் இரும்பு மட்டும் பிரிந்து காவி நிறச் சேறாகப் படியும். அந்தச் சேற்றில் புழு பூச்சிகூட வாழாது. புழு பூச்சி இல்லாத ஓடையில் மீனுக்கு என்ன வேலை?

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பிஎச் தாள் இருக்கும். அதில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். பிஎச் 3 உள்ள ஓடைநீர், நல்ல தண்ணீரைவிடப் பத்தாயிரம் மடங்கு அமிலம்.

நத்தம் பக்கம் குவாரிக்குக் குறைவில்லை. நமக்கும் அமிலம் வருமா?
– பால் வியாபாரி, நத்தம்

பெரும்பாலும் வராது ஐயா. திண்டுக்கல் சமவெளியின் அடிப்பாறை சார்னோக்கைட்டும் நைஸும். கட்டுமானக் கல்லாக உடைபடும் இவற்றில் அமிலம் உண்டாக்கும் அளவுக்குப் பைரைட் பொதுவாக இருப்பதில்லை. இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. கரிக்காலிப் பக்கம் சிமென்ட் ஆலைக்காகத் தோண்டும் சுண்ணாம்புக்கல், அமிலத்தை முறிக்கும் கல். நோய் இல்லாத மாவட்டத்தில் மருந்து கிடக்கிறது.

உங்கள் ஊர்க் குவாரி தரும் தொல்லை வேறு. கிரஷர் தூசி, வெடி அதிர்வில் விரிசல் விடும் சுவர், வேலி போடாமல் விட்டுப்போன பள்ளம். புகார் எழுதும்போது இவற்றை எழுதுங்கள். இல்லாத அமிலத்தை எழுதினால், அதை இல்லை என்று நிரூபித்துவிட்டு, இருக்கும் தூசியையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள்.

அப்படியானால் அமில வடிகாலைப் பற்றித் திண்டுக்கல்காரன் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?
– பூட்டுத் தொழிலாளி, நாகல்நகர்

நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி சொன்ன ஊர் உங்களுடையது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அது பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் வழக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தீர்ப்புக்குள் திண்டுக்கல் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கை நீதிமன்றம் பதிவு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் உத்தரவானது.

பிறகு 2005இல் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் கொடகனாற்றின் மேல்படுகையை ஆராய்ந்து எழுதினார்கள். சுமார் 80 தோல் ஆலைகள் இயங்கிய பகுதி அது. அங்கே நிலத்தடி நீரில் ஏறியிருந்த உப்பின் அளவுக்கும் ஆலைகள் இருந்த இடத்துக்கும் உள்ள தொடர்பை அவர்கள் காட்டினார்கள்.

சுரங்கமும் தோல் ஷாப்பும் வேறு வேறு தொழில்தான். ஆனால் நம்முடைய கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த மண்ணடுக்கிலும் கீழே விரிசல்களிலும் மட்டுமே. அங்கே ஒரு முறை அழுக்கு இறங்கினால் கழுவித் தள்ளப் பெரிய நீரோட்டம் கிடையாது. மழை பொய்த்தால் இருக்கிற அழுக்கும் அடர்ந்துவிடும். அமிலமோ உப்போ, கிணற்றுக்குள் வந்த பிறகு வெளியேற்றுவது பெரும்பாடு. தடுக்க வேண்டிய இடம் கிணறு இல்லை, கழிவு பிறக்கும் இடம். சுரங்கக்காரர்கள் பல நாடுகளில் பெருஞ்செலவில் கற்ற பாடம் இது. நம் விவசாயிகளும் இதையே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

தோல் ஷாப்பில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். தண்ணீர் தண்ணீர் என்று எங்கள் பிழைப்பைக் கெடுக்கத்தான் எழுதுகிறீர்களா?
– தொழிலாளி, பேகம்பூர்

இல்லை அண்ணே. ஆலைக் கழிவில் முதலில் கை நனைப்பவர் நீங்கள்தான். கெட்ட கிணறும் உங்கள் தெருக் கிணறுதான். குரோம் பதனிடலுக்கு முன் தோலை உப்பிலும் கந்தக அமிலத்திலும் ஊறவைப்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மேலே சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. அதே தீர்ப்புதான் ஆலைகளை நிரந்தரமாக மூடச் சொல்லாமல், சுத்திகரிப்பு வசதி செய்துகொண்டு அனுமதி பெற்று நடத்த வழியும் விட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகியது அந்த வழியில்தான். ஆனால் நுண்ணுயிர்த் தொட்டி உப்பை நீக்காது. உப்பைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவல் எந்திரம் வேண்டும், அதற்கு மின்சாரமும் பணமும் வேண்டும். அந்தச் செலவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆலை, தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி மூவரில் யார் எவ்வளவு ஏற்பது என்று கேளுங்கள். உங்கள் சங்கம் கேட்டால் அந்தக் கேள்விக்கு எங்கள் பத்திரிகை கேட்பதைவிடக் கனம் அதிகம்.

இந்தியாவில் சுரங்க அமிலத்தால் கெட்ட ஆறு ஒன்று சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, வேடசந்தூர்

ஒன்றா? மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் வரிசையாகச் சொல்லலாம்: மிந்து, லூனார், லூகா. லூகா குளிர்காலத்தில் நீல நிறமாகிவிடும். படத்தில் பார்த்தால் அழகு, பக்கத்தில் போனால் மீன் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீர்தான் காரணம் என்று அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. எலி வளை போல ஆள் தவழ்ந்து போகும் சுரங்கங்கள் அவை. தோண்டியவர்கள் போய்விட்டார்கள், பள்ளங்கள் திறந்தே கிடக்கின்றன, ஒவ்வொரு மழைக்கும் அமிலம் வடிகிறது.

இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரல் 17 அன்று எலிவளைச் சுரங்கங்களைத் தடை செய்தது மேகாலயாக்காரர்கள் கேட்டு அல்ல. ஆறு இறங்கிவரும் அண்டை மாநிலமான அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்திலிருந்து அனைத்து திமாசா மாணவர் சங்கம் போட்ட வழக்கு அது. கோபிலி ஆறு அமிலமாகி, அங்குள்ள நீர்மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களையே அரித்தது. இரும்பையே தின்ற தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச வேண்டியவர்கள் வழக்குப் போட்டார்கள்.

தடைக்குப் பிறகும் தோண்டல் நிற்கவில்லை. 2018 டிசம்பர் 13 அன்று க்சான் என்ற ஊரில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். அடுத்த மாதமே தீர்ப்பாயம் மேகாலய அரசுக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

நெய்வேலியிலும் நிலக்கரிதானே? அங்கே ஆறு நீலமாகவில்லையே!
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஒட்டன்சத்திரம்

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி, கந்தகம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. வடகிழக்கு மாநிலக் கரியில் அது பல மடங்கு. நெய்வேலியின் வழக்கு வேறு. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் அங்கே தோண்டவே முடியும். அந்த இறைப்பைப் பற்றிக் கடலூர் மாவட்ட விவசாயிகள் கேட்கும் கேள்விகள் தனிப் பதிலுக்கு உரியவை.

ஒரு லோடு சுண்ணாம்பைக் கொட்டினால் அமிலம் முறிந்துவிடாதா? இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?
– சிமென்ட் கடைக்காரர், குஜிலியம்பாறை

முறியும். ஆனால் ஒரு லோடு போதுமா என்று கணக்குப் போடுங்கள். பாறையில் 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தால், ஒரு டன் பாறைக்குச் சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். பத்து லட்சம் டன் கழிவுக்கல் மேட்டுக்கு 31,000 டன். பத்து டன் லாரி என்றால் 3,100 நடை. நடுத்தரச் சுரங்கத்துக்கே பத்து லட்சம் டன் பெரிய மேடு இல்லை.

அடுத்த சிக்கல்: சுண்ணாம்புக் கல்லை அமில ஓடையில் போட்டால் சில வாரங்களில் அதன்மேல் இரும்புத் துரு பூசிக்கொள்ளும். உள்ளே கல் அப்படியே இருக்கும், வேலை செய்யாது. அதனால்தான் காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் வாய்க்கால் அமைத்து அதன் வழியே நீரை விடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் துரு இல்லை. அந்த நீரிலும் ஆக்சிஜனும் அலுமினியமும் ஏற்கெனவே கலந்திருந்தால் இந்த ஏற்பாடும் அடைத்துக்கொள்ளும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் கலக்கும் ஆலை முறை நிச்சயமாக வேலை செய்யும். ஆனால் தினமும் ஓட்ட வேண்டும், சேறு குவிந்துகொண்டே போகும், அந்தச் சேற்றுக்கும் இடம் தேட வேண்டும். சம்பும் கோரையும் வளர்த்து, அடிச்சேற்றில் கந்தகத்தைத் திருப்பிப் பிடிக்கும் நுண்ணுயிரிகளை வாழவிடும் சதுப்புக் குட்டைகள் சிற்றோடைகளுக்கு நல்லவை. பெருவெள்ளத்துக்குத் தாங்காது.

அமிலம் உண்டாக்க நுண்ணுயிரி உதவுகிறதாமே? அதைக் கொன்றுவிட்டால்?
– பிளஸ் டூ மாணவன், பழனி

நல்ல கேள்வி தம்பி. 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டறிந்தார்கள், இரும்பைத் தின்று பிழைக்கும் நுண்ணுயிரியை. அது இல்லாவிட்டால் மிக மெதுவாக நடக்கும் வேலை, அதனால் பல்லாயிரம் மடங்கு வேகமாக நடக்கும். சோப்பு வகை ரசாயனம் தெளித்து அதை அடக்குகிறார்கள். சில மாதம் கேட்கும். மழை கழுவிவிட்டால் மறுபடி முளைக்கும். மறுபடி தெளிக்க ஆள் இருக்க வேண்டும், சுரங்கம் மூடிய பிறகு யார் இருப்பார்கள்?

சரி, தடுக்கவே முடியாதா?
– இல்லத்தரசி, வத்தலக்குண்டு

முடியும். தொடக்கத்தில் மட்டும் முடியும். பைரைட், காற்று, தண்ணீர் மூன்றும் சேர்ந்தால்தான் அமிலம். ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும். திண்டுக்கல் பூட்டில் ஒரு நெம்பு சரியாக விழாவிட்டால் சாவி திரும்பாதது போல.

செய்முறையைச் சொல்கிறேன். தோண்டுவதற்கு முன் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளில் அமிலம் தரும் கந்தகம் எவ்வளவு, அதை முறிக்கும் சுண்ணாம்பு எவ்வளவு என்று இரண்டையும் அளக்க வேண்டும். அமிலச் சமநிலைக் கணக்கு என்பார்கள். சந்தேகம் வந்தால் அந்தப் பாறையை மாதக் கணக்கில் நனைத்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்தான கல்லைத் தனியே பிரித்து, அடியில் களிமண் கெட்டித்து, மேலே களிமண்ணும் மண்ணும் போட்டு மூட வேண்டும். மேட்டுக்கு மேற்புறம் வாய்க்கால் வெட்டி மழைநீரை உள்ளே விடாமல் திருப்ப வேண்டும்.

மழை மிகுந்த நாடுகளில் கழிவைத் தண்ணீருக்குள் மூழ்கடித்து வைப்பதும் உண்டு. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம்தான் என்பதால் அந்த வழி அங்கே பலிக்கிறது. நம்மைப் போல் வடகிழக்குப் பருவமழையை நம்பிச் சித்திரையில் குளம் வெடிக்கும் ஊரில் அதை யாராவது திட்ட அறிக்கையில் எழுதினால் உடனே எதிர்த்துக் கேளுங்கள். வற்றும் குளம் காவல் ஆகாது.

இந்த அமிலம் எத்தனை வருடம் வடியும்?
– நெசவாளர், திண்டுக்கல்

ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆற்றங்கரையில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாகச் சுரங்கம் நடந்திருக்கிறது, ஆறு இன்றும் சிவப்பு. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பிஎச் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். அங்கே வடிகால் நிற்க இன்னும் 3,000 ஆண்டுகள் ஆகலாம் என்பது அமெரிக்க அறிவியலாளர்களின் மதிப்பீடு.

சுரங்கத்தை மூடினால் பிரச்சினை முடிந்ததுதானே?
– மளிகைக் கடைக்காரர், நிலக்கோட்டை

பல இடங்களில் அன்றைக்குத்தான் ஆரம்பம். சுரங்கம் நடக்கும்வரை பம்ப் ஓடும், தண்ணீர் இறங்கியே இருக்கும். மூடியதும் பம்பை நிறுத்துவார்கள். தண்ணீர் மெல்ல ஏறி, சுவர்களில் காய்ந்து படிந்திருந்த அமில உப்புகளையெல்லாம் கரைத்துக்கொண்டு வெளியே வரும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் என்ற தகரச் சுரங்கத்தை 1991இல் மூடினார்கள். 1992 ஜனவரியில் அடைப்பு உடைந்து சுமார் ஐந்து கோடி லிட்டர் அமில நீர் ஃபால் கழிமுகத்தைக் காவி நிறமாக்கியது. ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை.

எங்கள் போரில் தண்ணீர் தெளிவாக வந்து, குடத்தில் வைத்ததும் பழுப்பாகிறது. அமிலமா?
– விவசாயி, ரெட்டியார்சத்திரம்

அநேகமாக இரும்பு. ஆழத்தில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிறது. ஊகத்தோடு விடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து நான்கு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: பிஎச், கரைந்த உப்பு, இரும்பு, குரோமியம். இந்தியக் குடிநீர்த் தரப்படி பிஎச் 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் ஒன்றியத்தின் பழைய கதை தெரிந்ததால் கடைசி எண்ணை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர் மாதிரி எந்த மாதத்தில் எடுப்பது நல்லது?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், வேடசந்தூர்

இந்தக் கேள்வியைக் கேட்ட உங்களுக்கு வணக்கம். கோடையில் எடுத்தால் ஓடை காய்ந்திருக்கும், அறிக்கையும் சுத்தமாக இருக்கும். கழிவு மேட்டில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்த உப்பெல்லாம் முதல் கனமழையில் ஒரே நாளில் கரைந்து இறங்கும். மிக மோசமான தண்ணீர் அன்றைக்குத்தான் போகும். கோடையில் ஒன்று, ஐப்பசி முதல் மழையில் ஒன்று, மழை ஓய்ந்ததும் ஒன்று என்று எடுங்கள். ஒரே மாதிரியை வைத்துச் சான்றிதழ் நீட்டினால் தேதியைப் பாருங்கள்.

கைவிட்ட குவாரிப் பள்ளத்தில் ஊர்க் கழிவைக் கொட்டி நிரப்பினால் பள்ளமும் மூடும், குப்பையும் தீருமே?
– சமூக ஆர்வலர், குட்டியபட்டி

வேண்டாம். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். பாறை விரிசலை வெடிவைத்து அகலமாக்கிய இடம் அது, அந்த விரிசல்களின் மறுமுனையில் உங்கள் கிணறு இருக்கிறது. குப்பையோ தோல் கழிவுச் சேறோ அங்கே போனால், கிணற்றுக்குள் நேரே கொட்டியதற்கும் அதற்கும் நாள் கணக்கில்தான் வித்தியாசம். சுற்றிலும் கம்பி வேலி போடச் சொல்லுங்கள், அங்கே குழந்தைகள் குளிக்கப் போகிறார்கள். மழைநீர் நிற்கட்டும்.

கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா?
– சட்டக் கல்லூரி மாணவர், திண்டுக்கல்

இருக்கிறது. 1996 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநாட்டியது. ரசாயன ஆலைக் கழிவால் சுற்றுக் கிராமக் கிணறுகள் கெட்ட வழக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர் வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் கெடுத்தவரே செலுத்தும் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது.

பிச்ரியில் பணம் வந்ததா என்று பாருங்கள். மனுவுக்கு மேல் மனு போட்டு இழுத்தடித்தார்கள். 2011இல் அதே நீதிமன்றம் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி மறுபடி ஆணையிட நேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள். அதற்குள் அந்தக் கிராமத்தில் ஒரு தலைமுறை கெட்ட தண்ணீரோடு வளர்ந்துவிட்டது. ஆகவே கெடுத்த பிறகு வசூலிப்பது என் கணக்கில் இரண்டாந்தரம். தோண்டும் முன்பே, மூடுவதற்கான பணத்தை வங்கி உத்தரவாதமாக வாங்கி வைப்பதுதான் முதல்தரம். பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகள் மூடல் திட்டத்தையும் நிதி உத்தரவாதத்தையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. எவ்வளவு தொகை, எதைக் கணக்கிட்டு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேலிக்கும் மரக்கன்றுக்கும் கணக்கிட்ட தொகை, நூறாண்டு நீர் சுத்திகரிப்புக்குப் போதாது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் கூச்சல்தான் மிச்சம். போய் என்ன பயன்?
– தென்னை விவசாயி, ஆத்தூர்

போங்கள். மிகச் சிறிய குவாரிகளுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எதுவும் தேவையில்லை என்பதை மறக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும்.

சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, இந்த நான்கையும் கேளுங்கள். கழிவுப் பாறையில் கந்தகம் எவ்வளவு, எத்தனை துளைகளில் எடுத்தீர்கள்? சுற்றுவட்டக் கிணறுகளின் தண்ணீரை இப்போதே, தோண்டுமுன் அளந்து வைத்தீர்களா? பம்பை நிறுத்திய பிறகு தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும், எங்கே வெளியே வரும்? மூடல் செலவுக்கு எந்த வங்கியில் எவ்வளவு உத்தரவாதம்? கூட்ட முடிவில் எழுந்த கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. வாசிக்கும்வரை எழுந்து போகாதீர்கள். உங்கள் கேள்வி விடுபட்டால் அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். எழுத்திலும் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.